ஏலத்தில் எடுத்துப் பணம் கொடாத வணிகர்: குடியானவர் கைக்கொள்ளத்தக்க முறைகள்

விளைபொருளை நன்கு விளைவித்தல் ஒரு பாதியெனில், அதனை விற்று ரொக்கத்தை வீடு கொண்டு சேர்த்தல் மற்றொரு பாதியாகும். எட்டு ஒன்பது மாதம் பாடுபட்டு, கிழங்கைத் தோண்டி, வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றிக் கொணர்ந்த மஞ்சளுக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைத்ததென்று மகிழ்ந்து ஊர் திரும்பும் குடியானவர், பின்னர்ப் பணத்திற்காக வணிகரின் கடை வாயிலில் பலமுறை காத்து நிற்க நேருமாயின், அவ்விலை ஏட்டிலுள்ள விலையேயன்றிக் கைக்கு வந்த விலையாகாது. இந்நஷ்டம் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியதே. அதற்குரிய வழிகள் இங்கே விளக்கப்படுகின்றன.

ஏல முறையின் வரலாறு

முற்காலத்தில் குடியானவர் தம் சரக்கைத் தரகர் மண்டிகளில் ஒப்படைத்து, அவர் சொன்ன எடைக்கும், பிடித்த கழிவிற்கும், கொடுத்த தவணைக்கும் கட்டுப்பட வேண்டியிருந்தது. இக்குறைகளை நீக்கும்பொருட்டுச் சென்னை மாகாணத்தில் 1933-ஆம் ஆண்டு வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1936-இல் திருப்பூரில் பருத்திக்கென விற்பனைக்கூடம் ஏற்பட்டது. இப்பொழுது தமிழ்நாட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் 1987-ஆம் ஆண்டின் வேளாண் விளைபொருள் விற்பனைச் சட்டத்தின்படி நடைபெறுகின்றன. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் தொடங்கப்பெற்ற மின்னணு தேசிய வேளாண் சந்தையில் இவற்றுட் பல சேர்க்கப்பட்டுள்ளன.

இம்மின்னணு முறையில் சரக்கு வாயிலில் பதியப்பட்டுக் குவியல் எண் பெறுகிறது. மாதிரி எடுத்துத் தரம் பார்த்தபின், உரிமம் பெற்ற வணிகர்கள் தத்தம் இடத்திலிருந்தே கணினி அல்லது கைப்பேசி வாயிலாக மறைமுகமாக விலை கேட்கின்றனர். உயர்ந்த விலை அறிவிக்கப்பட்டதும், குடியானவர் அதனை ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம். ஏற்றபின் எடையும், விற்பனைச் சீட்டும், பணம் செலுத்துதலும், இறுதியில் சரக்கு வெளியேறுதலும் நிகழ வேண்டும். வாங்குபவரைக் குடியானவர் நேரிற் காணாமலே விற்பனை முடிவது இம்முறையின் சிறப்பு. அதுவே கவலைக்கும் இடமாகிறது. ஆகவே மேற்கூறிய வரிசை மாறாதிருத்தல் மிக அவசியம்.

பணம் தாமதிப்பதன் காரணங்கள்

பணம் கொடாத வணிகர் யாவரும் ஒரே தன்மையினரல்லர். சிலர் வங்கிக் கணக்கில் நேர்ந்த தடையினால் ஓரிரு நாள் தாமதிப்பர். சிலர் ஏலத்திற்குப்பின் விலை இறங்கியதைக் கண்டு மனம் மாறி, ஈரம் மிகுதி, விரலியிற் கிழங்கு கலந்துள்ளது என்று குறை கூறி விலையைக் குறைக்க முயல்வர். சிலர் சரக்கை முதலில் எடுத்துச் சென்று விற்று, அப்பணத்தைக் கொண்டே குடியானவருக்குக் கொடுக்க எண்ணுவர். மிகச் சிலர் ஏமாற்றும் கருத்துடனேயே வருவர். முதல் வகையினரிடம் பொறுமையும், ஏனையோரிடம் உறுதியும் வேண்டும். எவ்வகையினரென்று முன்னரே அறிய இயலாதாகையால், எல்லோரிடமும் ஒரே ஒழுங்கைக் கைக்கொள்ளுதலே நன்று.

முதல் விதி: பணம் சேரும்வரை சரக்கு அசையலாகாது

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, ஏலம் முடிவானதாக அறிவிக்கப்படும்வரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். அறிவிக்கப்பட்டபின் விற்பனை முற்றுப்பெறுகிறது. அதன்பின் “வேண்டாம்” என்று சொல்லி விலகிக்கொள்ள அவருக்கு உரிமையில்லை. விலை முழுவதும் பெறாத விற்பனையாளர், சரக்கு தம் வசமிருக்கும்வரை அதனைப் பிடித்து வைத்துக்கொள்ள அச்சட்டம் உரிமையளிக்கிறது. இதுவே குடியானவரின் உண்மையான பாதுகாப்பு.

இவ்வுரிமை எளிதில் இழக்கப்படுவதாகும். வணிகர் தக்க முறையில் சரக்கைக் கைப்பற்றியதும் அது நீங்கிவிடும். “அடுத்த வாரம் கொடுங்கள், பரவாயில்லை” என்று தவணைக்கு இசைந்தாலும், அத்தவணை கழியும்வரை சரக்கைப் பிடித்துவைக்க இயலாது. முகத்தாட்சண்யத்தினால் சொல்லும் ஒரு சொல் இவ்வாறு ஓர் ஆண்டின் உழைப்பைப் பிறர் கையில் ஒப்புவித்துவிடும்.

பணம் வந்ததை அறிதல்

பணம் அனுப்பியதாகக் காட்டும் கைப்பேசிப் படமோ குறுஞ்செய்தியோ பணமாகாது. அவற்றைப் போலியாகச் செய்தல் எளிது. குடியானவர் தம் வங்கிக் கணக்கின் இருப்பைத் தாமே பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் எதையும் பதிய வேண்டியதில்லை. அவ்வாறு பதியக் கேட்பவர் பணத்தைப் பறிக்க முயல்பவரே. “இன்று வங்கி விடுமுறை” என்னும் சமாதானமும் முழுதும் ஏற்கத்தக்கதன்று. நெஃப்ட் முறை 2019 டிசம்பர் முதலும், இரண்டு இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தொகைகளுக்கான ஆர்.டி.ஜி.எஸ். முறை 2020 டிசம்பர் முதலும், இணைய வாயிலாக எல்லா நாட்களிலும் இரவு பகல் நடைபெறுகின்றன.

பணம் வாராவிடில் செய்யத்தக்கவை

1. முதலில் விற்பனைக்கூடக் கண்காணிப்பாளரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, நகலில் ஒப்பம் பெறுக. குவியல் எண், ஏல நாள், எடை, விலை, வரவேண்டிய தொகை ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். உரிமம் பெற்ற வணிகர் விற்பனைக்குழுவின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவராகையால், பல வழக்குகள் இக்கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

2. அடுத்து வணிகருக்கு அறிவிப்புக் கடிதம் ஒன்றைப் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் அனுப்புக. கீழ்க்கண்ட வாசகம் போதுமானது:

“ஐயா, தாங்கள் இம்மாதம் 4-ஆம் நாள் ஏலத்தில் எடுத்த 10 குவிண்டால் விரலி மஞ்சளுக்குரிய ரூ. 1,40,000 இதுவரை என் கணக்கில் சேரவில்லை. இக்கடிதம் கிடைத்த ஐந்து நாட்களுக்குள் அத்தொகையைச் செலுத்தாவிடில், சரக்கை மறுபடி விற்று, ஏற்படும் நஷ்டத்தைத் தங்களிடம் பெற்றுக்கொள்வேன்.”

3. நியாயமான அவகாசம் கொடுத்தும் பணம் வாராவிடில், கண்காணிப்பாளரைக் கலந்து சரக்கை மறு ஏலத்திற்கு வைக்கலாம்.

அறிவிப்பு ஏன் இன்றியமையாதது என்பதை ஒரு கணக்கினால் அறியலாம். மேற்கண்ட மஞ்சள் குவிண்டால் ரூ. 14,000 விலைக்குப் போனதாகக் கொள்க. மறு ஏலத்தில் ரூ. 13,200 மட்டுமே கிடைத்தால், பத்துக் குவிண்டாலுக்கு நஷ்டம் ரூ. 8,000. அறிவிப்பு அனுப்பியிருந்தால் இத்தொகையை முதல் வணிகரிடம் கேட்கலாம். அனுப்பாவிடில் கேட்க இயலாது. மாறாக மறு ஏலத்தில் ரூ. 14,500 கிடைத்தால், மிகுதியான ரூ. 5,000 அறிவிப்பு அனுப்பிய குடியானவருக்கே உரியது. அறிவிப்பின்றி விற்றிருந்தாலோ, பணம் கொடாத வணிகரே அந்த இலாபத்தைக் கேட்க இடமுண்டு. ஒரு கடிதத்தின் தபாற்செலவு இவ்வளவு பயன் தருகிறது. தக்காளி, கீரை முதலிய விரைவில் அழுகும் பொருள்களுக்கு மட்டும் இவ்வறிவிப்பின்றியே சட்டம் மறுவிற்பனைக்கு இடங்கொடுக்கிறது.

சரக்கு போய்விட்டால்

சரக்கு வெளியேறியபின் பணம் நின்றுவிட்டால் வழி நீண்டது, ஆயினும் அடைபட்டதன்று. விலையைப் பெறுவதற்கு உரிமையியல் நீதிமன்றத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். வணிகர் காசோலை கொடுத்திருந்தால், அதன் தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்குள் வங்கியிற் செலுத்துக. போதிய பணமின்றி அது திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்புக. அறிவிப்பைப் பெற்ற 15 நாட்களுக்குள் அவர் பணம் கொடாவிடில், அதன்பின் ஒரு மாதத்திற்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் முறையிடலாம். இந்நாட்கணக்கில் தவறுவோர் பலர். ஆகவே காசோலை திரும்பிய அன்றே வழக்கறிஞரையோ, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ நாடுதல் நலம்.

அவசரமே பகை

குடியானவர் இணங்கக் கூடாத நிபந்தனைகளுக்கு இணங்குவதன் காரணம் பெரும்பாலும் அறியாமையன்று, அவசரமே. உரக்கடையின் பாக்கியும், பள்ளிக் கட்டணமும், கலியாணச் செலவும் காத்திருக்கையில், “சரக்கை அனுப்பும், நாளை பணம்” என்னும் சொல் இனிக்கிறது. இத்தகையோர் விற்பனைக்கூடக் கிடங்கில் சரக்கை இருப்பு வைத்து, அதன் ஈட்டின்பேரில் பொருளீட்டுக் கடன் பெறலாம். அன்றாடச் செலவிற்கு அது கைகொடுத்தால், பணம் கொடாதவரை மறுத்து, கொடுப்பவரை எதிர்பார்க்கும் வலிமை உண்டாகும்.

சுருங்கக்கூறின், ஏலச்சீட்டையும் எடைச்சீட்டையும் பத்திரப்படுத்துக. வாய்ச்சொல்லை எழுத்தாக்குக. கணக்கில் பணம் சேர்ந்தபின்னரே வண்டியில் மூட்டையை ஏற்றவிடுக. நேர்மையான வணிகர் இவ்வொழுங்கைக் கண்டு வருந்தமாட்டார். வருந்துபவரிடம் விற்காதிருத்தலே இலாபம்.