கல்லைப் பற்றி வாழும் மீன்

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்போருக்குப் பெருந் தலைவலி, கண்ணாடியில் படியும் பச்சைப் பாசியாகும். உயிரியலில் நாம் இதனை அல்கா எனப் படிக்கின்றோம். “இதைத் தின்னும் மீன் ஒன்றை வாங்கி விட்டால் தொட்டி தானாகச் சுத்தமாகும்” என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எவ்வளவு சரியானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓடைக்கேற்ற உடல்

இலங்கைக்கே உரிய ஓடை மீன்களுள் ஒன்று கரா சிலோனென்சிஸ். சிங்களத்தில் இதனைக் கல் பாண்டியா என்பர். சுமார் 15 சென்ரிமீற்றர் வரை வளரும். இதன் வாய் தலையின் கீழ்ப்புறத்தில் உள்ளது; கீழ் உதடு வட்டத் தட்டுப் போல் அமைந்துள்ளது. வயிறு தட்டையானது. இவ்வமைப்பால், வேகமாக நீர் ஓடும் இடத்திலும் கல்லைப் பற்றிக்கொண்டு, அதன் மேலுள்ள அல்காவைச் சுரண்டி உண்கிறது. பாதங்களைக் கடிக்கவிடும் “டொக்டர் மீன்” எனப்படும் கரா ரூபாவும் இதே சாதியைச் சேர்ந்ததே.

நீரும் ஒட்சிசனும்

ஓடை மீனுக்கு அழகான தொட்டியை விட முக்கியமானது ஒட்சிசன். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீரில் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஒட்சிசன் கரைய முடியும். 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமே கரையும். மலைநாட்டு ஓடையின் குளிர்ந்த நீருக்கும், கரையோர ஊர்களில் நம் வீட்டறையிலுள்ள நீருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஆகவே தொட்டியை வெயில் படாத இடத்தில் வைத்து, பம்பி மூலம் நீரை ஒரு திசையில் ஓடச் செய்ய வேண்டும். நான்கு அடி நீளமான தொட்டி பொருத்தமானது. ஈரக் கண்ணாடியில் இம்மீன் ஏறக்கூடியதாதலால் மூடியும் அவசியம்.

புதிய தொட்டியில் உடனே மீனை விடலாகாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சாகும். பற்றீரியாக்கள் அதை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை வடிகட்டியில் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். குழாய் நீரை 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரீன் பெரும்பாலும் வெளியேறிவிடும்.

பாசி முடிந்த பின்?

சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. ஓடையில் சூரிய ஒளியால் அல்கா நாள்தோறும் வளர்கிறது. தொட்டியிலோ சில நாட்களில் தீர்ந்துவிடும். கண்ணாடி பளிச்சென்று இருப்பதைக் கண்டு நாம் மகிழும் வேளையில் மீன் பட்டினி கிடக்கும். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரு பேசின்களில் ஆற்றுக் கற்களை நீரில் இட்டு, ஒன்றை வெயிலிலும் மற்றையதை நிழலிலும் வைத்துப் பார்த்தேன். பத்து நாட்களில் வெயிலில் இருந்த கற்களில் பச்சைப் படலம் நன்கு படிந்தது; நிழலில் இருந்தவற்றில் மிகச் சிறிதளவே படிந்தது. இப்போது கற்களை மாற்றி மாற்றித் தொட்டியில் இடுகின்றேன். உம்மா சமைக்கும்போது ஒதுக்கித் தரும் கங்குன் இலை, வெள்ளரிக்காய்த் துண்டு என்பவற்றை உப்பின்றி இலேசாக அவித்தும் கொடுக்கலாம். எஞ்சியதை அன்றே அகற்ற வேண்டும்.

ஆற்றில் விடலாமா?

கடைகளில் “டேங்க் கிளீனர்” என விற்கப்படுவது தென்னமெரிக்க மீன். விரல் அளவில் வாங்கப்படும் இது ஓரடிக்கும் மேல் வளரும். பின்னர் இடமில்லை என்று சிலர் ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுகின்றனர். இன்று மகாவலி நீர்த்தேக்கங்கள் உட்பட நம் நீர்நிலைகளில் இது ஓர் ஆக்கிரமிப்பு இனம். கரைகளைத் துளைத்து முட்டையிடுகிறது. இதன் முட்கள் மீனவரின் வலைகளைக் கிழிக்கின்றன. உள்நாட்டு மீன்களின் உணவையும் பறிக்கிறது. வளர்க்க இயலாத மீனைக் கடைக்கோ வேறொருவருக்கோ கொடுப்பதே முறை. அவ்வாறே, பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்தும் இனங்களிலிருந்தும் மீன் பிடிப்பது சட்டவிரோதம் என்பதையும் மறக்கலாகாது.

மீன் துப்புரவுத் தொழிலாளியல்ல. நம் பொறுப்பிலுள்ள ஓர் உயிர். கண்ணாடியைத் துடைக்க ஒரு பஞ்சு போதும். பெற்றோர்களே, பிள்ளைகள் மீன் கேட்டால், அது எவ்வளவு வளரும், நாளை என்ன உண்ணும் என்ற இரு கேள்விகளுக்கு விடை தேடி வரச் சொல்லுங்கள். விடை கிடைத்த பின் தொட்டி வாங்கலாம்.