புத்தருக்கு முதுகு காட்டலாமா?

நம் ஊர்க் கோபுரத்தைப் பார்க்க வரும் வெளிநாட்டார் எவரேனும் அரைக்கால் சட்டையோடு வாசலில் விழித்துக்கொண்டு நின்றால், தோழியரே, நாம் ஒருவரையொருவர் இடித்துச் சிரிப்போம் அல்லவா? சென்ற கோடை விடுமுறையில் அந்த வெளிநாட்டார் நானே ஆனேன்.

மதுரையில் விமானம் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்கிருந்து கண்டிக்குப் போனோம். ஒரு விகாரையில் பெரிய புத்தர் சிலைக்கு முன்னால் நான் நிற்க, அப்பா படமெடுக்க ஆயத்தமானார். உடனே வெள்ளைச் சேலை உடுத்திய பாட்டி ஒருவர் ஓடிவந்து என் தோளைத் தொட்டு ஏதோ சைகை காட்டினார். “சிலைக்கு முதுகு காட்டி நிக்கக் கூடாதாம், மகள்” என்றார் எங்கள் வண்டி ஓட்டுநர். வெட்கமாகப் போயிற்று. நற்கருணைப் பேழைக்கு முன் முழந்தாளிடாமல் கடந்தால் சிஸ்டர் எவ்வளவு வருந்துவார்கள் என்று அறிந்த எனக்கு இது தோன்றவில்லையே!

எனக்குச் சைகையோடு போயிற்று. 2012ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டார் மூவர் புத்தர் சிலையை முத்தமிடுவதுபோல் விளையாட்டாகப் படமெடுத்துக்கொண்டனர். காலியில் அதை அச்சிடக் கொடுத்த படக்கடைக்காரரே காவல் துறைக்குத் தெரிவித்துவிட்டார். நீதிமன்றம் 6 மாதச் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தது.

2014இல் நடந்தது வேறு விதம். கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த ஆங்கிலேயப் பெண்ணை விமான நிலையத்தில் பிடித்து, காவலில் வைத்துத் திருப்பி அனுப்பினர். அவரோ பக்தியால் குத்திக்கொண்டதாகச் சொன்னவர். 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவரை நடத்திய விதம் தவறு என்று 8 லட்சம் இலங்கை ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது. ஆகவே விருந்தினர் மட்டுமல்ல, வீட்டுக்காரரும் தவறலாம் என்பது என் எண்ணம்.

மற்ற வழக்கங்கள் நமக்குக் கடினமல்ல. செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பாவாடை தாவணிக்குத் தடையேது? அமரும்போது சிலையை நோக்கிக் கால் நீட்டலாகாது. தாதுகோபத்தை வலமாகவே சுற்ற வேண்டும். பிக்குகளைப் பெண்கள் தொடக் கூடாது. பௌர்ணமிதோறும் ‘போயா’ விடுமுறை. அன்று மதுவும் இறைச்சியும் விற்பதில்லை. மீன் குழம்பில்லாமல் சாப்பிடாத என் தம்பியும் அன்று எங்களோடு பருப்பும் சோறும் சாப்பிட்டான்.

தலதா மாளிகை வாசலில் தாமரையும் அல்லியும் விற்கிறார்கள். நான் வழக்கம்போல் பூவை மூக்கருகே கொண்டுபோக, அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். படைக்கப்போகும் பூவை முகரக் கூடாதாம். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தானே சூடிப் பார்த்துக் கொடுத்த ஆண்டாளின் ஊரிலிருந்து போனவளுக்கு இப்படி ஒரு பாடம்! ஆனால் நம் ஊரிலும், ஆண்டாளைத் தவிர வேறு யாரும் அப்படிச் செய்ய ஒப்புவார்களா?

எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது மாட்டியிருக்கும் கண்டிப் படத்தில் நான் பக்கவாட்டில் நிற்கிறேன். பக்கத்தில் அந்தப் பாட்டியும் நிற்கிறார்.