எண்ணெய் எடுத்த இரவில் நெஞ்சு படபடத்தால்

கேள்வி: எனக்கு 58 வயது. ஸ்காபரோவில் இருக்கிறேன். வெயர்ஹவுசில் பல வருசம் பாரம் தூக்கி நாரி நோ நிரந்தரமாகிவிட்டது. நோ மாத்திரைகள் வயிற்றுக்கு ஒத்துவராததால் டொக்டர் மருந்துக் கஞ்சா எண்ணெய்க்கு எழுதித் தந்தார். ஒரு மில்லிலீட்டரில் 25 மில்லிகிராம் டி.எச்.சி. என்று போத்தலில் போட்டிருக்கிறது. இரவில் 0.1 மில்லிலீட்டர் எடுக்கச் சொன்னார். இரண்டு கிழமை நல்லாகத்தான் போனது. ஒரு சனிக்கிழமை நோ தாங்க ஏலாமல், கொத்துரொட்டி சாப்பிட்ட கையோடு 0.3 எடுத்தேன். ஒரு மணித்தியாலமாகியும் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் 0.2 எடுத்துவிட்டுப் படுத்தேன். பிறகு நெஞ்சு அடிக்கிற சத்தம் காதுக்குள் கேட்டது. கை கால் விறைத்தது. இதோடு சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். விடியுமட்டும் மனுசி பக்கத்திலேயே இருந்தா. இப்போது 0.1 எடுத்தாலும் பயம் வருகிறது. எனக்கு மனநோய் ஏதும் வந்துவிட்டதா? மருந்தை விட்டுவிடட்டா?

பதில்: கடிதத்தில் உள்ளதை வைத்துப் பார்த்தால் இது மனநோய் அல்ல, மருந்தின் அளவு கூடியதால் வந்த பதகளிப்பு. வாசகர் எழுதியிருக்கும் எண்களைக் கூட்டினாலே விளங்கும். 0.3உம் 0.2உம் சேர்ந்து அரை மில்லிலீட்டர், அதாவது கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. 12.5 மில்லிகிராம். மருத்துவர் சொன்னதோ 2.5 மில்லிகிராம். ஒரே இரவில் ஐந்து மடங்கு உள்ளே போயிருக்கிறது. வாயால் எடுக்கும் கஞ்சாவுக்குப் புதியவர்கள் 2.5 மில்லிகிராமுக்கு மேல் தொடங்க வேண்டாம் என்பதுதான் கனடாவின் சுகாதாரத் துறையும் சொல்லும் அளவு.

அதே 12.5 மில்லிகிராமை வைத்து ஓர் ஆய்வே நடந்திருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தையும் சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 42 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்டது அது. சிலருக்கு மருந்தே இல்லாத குளிகை, சிலருக்கு 7.5 மில்லிகிராம் டி.எச்.சி., மற்றவர்களுக்கு 12.5. பிறகு எல்லோரும் முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன் நின்று நேர்முகத் தேர்வு போலப் பேசவும் மனக்கணக்குப் போடவும் வேண்டும். 7.5 எடுத்தவர்களுக்கு அந்தச் சோதனையால் வந்த மன அழுத்தம் குறைந்தது. 12.5 எடுத்தவர்களுக்குச் சோதனை தொடங்கும் முன்பே மனம் சோர்ந்தது. செய்யப்போகும் வேலையே தங்களை அச்சுறுத்துவதாக அவர்கள் சொன்னார்கள். அத்தனை பேரும் கஞ்சாவை முன்பே அறிந்த, 40 வயதைத் தாண்டாதவர்கள். அவர்களுக்கே அப்படியென்றால், இரண்டு கிழமைப் பழக்கமுள்ள 58 வயதுக்காரர் கலங்கிப்போனதில் வியப்பு இல்லை.

அமைதி தரும் மருந்து எப்படி அச்சமும் தருகிறது? டி.எச்.சி.யை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெகியேல் கவோனியும் பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது 1988இல்தான் தெரியவந்தது. சிபி1 எனப்படும் அந்த ஏற்பிகள், ஆபத்தை உணர்ந்து உடலை உசுப்பிவிடும் அமிக்டலா என்ற பகுதியில் நிறைய இருக்கின்றன. உடலே தனக்கென்று அனந்தமைட் முதலிய பொருள்களைச் சுரந்து அந்த ஏற்பிகளை இயக்குகிறது. ஆனால் தேவையான இடத்தில், தேவையான அளவில், கொஞ்ச நேரத்துக்கு மட்டும். டி.எச்.சி. மூளை முழுவதும் பரவி மணிக்கணக்கில் நிற்கும். எலிகளில் நடந்த ஆய்வுகளின்படி, குறைந்த அளவில் அது மூளையைத் தூண்டும் நரம்புகளை அடக்குகிறது. அளவு கூடும்போது மூளையை அமைதிப்படுத்தும் நரம்புகளையும் சேர்த்து அடக்கிவிடுகிறது. பிரேக் இல்லாத வண்டியின் நிலைதான் அப்போது.

இரண்டாவது காரணம் நேரம். புகையாகவோ ஆவியாகவோ இழுத்தால் சில நிமிடத்தில் தெரியும். எண்ணெய், கம்மி, சாக்லேட் என்று விழுங்கினால் குடலில் உறிஞ்சப்பட்டு ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதை 11-ஹைட்ராக்ஸி-டி.எச்.சி. என்ற பொருளாக மாற்றுகிறது. அது மூளைக்குள் எளிதாக நுழையும், வீரியமும் அதிகம். விழுங்கிய மருந்து வேலை தொடங்கவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். முழு வேகம் தெரிய நான்கு மணி நேரம்கூட ஆகும். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு எடுத்தால் உறிஞ்சும் அளவும் கூடலாம், கொத்துரொட்டி அப்படிப்பட்ட சாப்பாடுதான். ஆக, ஒரு மணித்தியாலத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று வாசகர் இரண்டாம் முறை எடுத்தபோது முதல் 0.3 இன்னும் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

நியூயார்க் டைம்ஸ் பத்தியாளர் மொரீன் டவுட்டுக்கும் 2014இல் இதுவே நடந்தது. கொலராடோவில் கஞ்சா விற்பனை சட்டபூர்வமானதைப் பற்றி எழுத டென்வருக்குப் போனவர், கஞ்சா சேர்த்த சாக்லேட் ஒன்றின் முனையைக் கடித்தார். ஒன்றும் ஆகவில்லை என்று மேலும் கடித்தார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிய நடுக்கமும் பயமும் எட்டு மணி நேரம் அவரைக் கட்டிலில் சுருண்டு கிடக்க வைத்தன. தான் இறந்துவிட்டதாகவே அவர் நம்பியிருக்கிறார். புதியவர்களுக்கு அந்தச் சாக்லேட்டைப் பதினாறு துண்டாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. உறையில் அது அச்சிடப்படவில்லை. கனடா 2019இல் கஞ்சா உணவுகளை அனுமதித்தபோது ஒரு பொதிக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி.தான் என்று வரம்பு போட்டது. எண்ணெய்ப் போத்தலில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். அங்கே காவல் சிரிஞ்சில் இருக்கும் கோடுகள் மட்டும்தான்.

நெஞ்சு அடித்ததும் கற்பனை அல்ல. டி.எச்.சி. இதயத் துடிப்பை உண்மையிலேயே கூட்டும். படபடப்பை உணர்கிற மனம் மாரடைப்போ என்று பதறுகிறது, அந்தப் பதற்றத்தில் அட்ரினலின் சுரந்து துடிப்பு இன்னும் ஏறுகிறது. ஷெல்லடியையும் இடப்பெயர்வையும் கண்டு வந்தவர்களுக்கு நெஞ்சு வேகமாக அடிப்பதே பழைய இரவுகளைக் கொண்டுவந்துவிடும். அப்படி ஏதும் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்தின் அளவைத் தீர்மானிப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

இப்போது 0.1க்கே பயம் வருவது, அந்த இரவை உடல் மறக்காததால். சிரிஞ்சைக் கையில் எடுக்கும்போதே நெஞ்சு அடித்தால் அது டி.எச்.சி.யின் வேலை அல்ல, எதிர்பார்ப்பின் வேலை. வற்புறுத்தித் தொடர்வதில் பயனில்லை. எழுதித் தந்த மருத்துவரிடம் பேசி, சில நாள் இடைவெளி விட்டு, இன்னும் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கலாம். நாட்பட்ட வலிக்கு மருந்துக் கஞ்சா கொடுப்பது பற்றி 2021இல் பல நாட்டு மருத்துவர்கள் கூடி வகுத்த நெறிமுறை, கஞ்சாவிலுள்ள போதை தராத பொருளான சி.பி.டி. மிகுந்த எண்ணெயில் தொடங்கி, அது போதாதபோது மட்டும் டி.எச்.சி.யைச் சேர்க்கச் சொல்கிறது. முதியவர்களுக்கும் பல மருந்து எடுப்பவர்களுக்கும் ஒரு மில்லிகிராமே போதும், கூட்டுவதும் ஒவ்வொரு மில்லிகிராமாகத்தான். எத்தனை மணிக்கு, எவ்வளவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, வலி எப்படி, மனம் எப்படி என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

சி.பி.டி. கலந்தால் டி.எச்.சி. பயமுறுத்தாது என்று கடைகளில் சொல்வதை மட்டும் நம்பிவிட வேண்டாம். லண்டன் கிங்ஸ் கல்லூரி 46 பேரிடம் செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், 10 மில்லிகிராம் டி.எச்.சி.யோடு மூன்று மடங்கு சி.பி.டி. கொடுத்தும் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வில் வாயால் கொடுத்த 20 மில்லிகிராம் டி.எச்.சி.யோடு 640 மில்லிகிராம் சி.பி.டி.யைச் சேர்த்தபோது பதகளிப்பு உட்படப் பல விளைவுகள் கூடின. டி.எச்.சி.யை ஈரல் சிதைப்பதை சி.பி.டி. தடுத்ததே காரணம். ‘சி.பி.டி. மிகுந்தது’ என்றால் டி.எச்.சி. குறைந்தது என்பதால்தான் நன்மை.

மருந்தை அடியோடு நிறுத்த வேண்டியவர்களும் உண்டு. தனக்கோ நெருங்கிய உறவினருக்கோ உளப்பிறழ்வு நோய் இருந்தவர்கள், இதயநோய் கட்டுக்குள் வராதவர்கள், கர்ப்பிணிகள் டி.எச்.சி. எடுக்கக் கூடாது. வாஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து, வலிப்பு மருந்து, தூக்க மருந்து எடுப்பவர்கள் பார்மசியில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். பதகளிப்பு நோயே முதலில் இருந்தவர் அதைத் தணிக்கக் கஞ்சா எடுப்பது சரியான வழி அல்ல என்று கனடாக் குடும்ப மருத்துவர் கல்லூரி 2014இலேயே தன் வழிகாட்டலில் சொல்லிவிட்டது.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. கீமோ வாந்திக்காகக் கம்மி எடுக்கிறா. இரண்டு தரம் அதிகமாகி, ஆரோ வீட்டுக்குள் நிற்கிற மாதிரி இருக்கு என்று நடுங்கினா. அந்த நேரத்தில் நான் என்ன செய்ய வேண்டும்? மிளகு சப்பினால் இறங்கும் என்று அண்ணா சொல்கிறார், உண்மையா?

பதில்: மகள் முதலில் செய்ய வேண்டியது, தான் பதறாமல் இருப்பது. அம்மாவின் பக்கத்தில் இருந்து, “மருந்து கூடிப்போச்சு அம்மா, கொஞ்ச நேரத்தில இறங்கிடும், நான் இங்கதான் இருக்கிறன்” என்று திரும்பத் திரும்பச் சொல்லலாம். ஆரோ நிற்கிறார்கள் என்று அம்மா சொன்னால் இல்லையென்று வாதாடுவதைவிட, விளக்கைப் போட்டு அறையைக் காட்டுவது நல்லது. தொலைக்காட்சியை நிறுத்தி, ஆட்களைக் குறைத்து, மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக வெளியே விடச் சேர்ந்தே செய்யலாம். குளிர்ந்த ஈரத் துணியைக் கையில் கொடுப்பதும், சுற்றியிருக்கும் பொருள்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல வைப்பதும் மனத்தைப் பயத்திலிருந்து அறைக்குத் திருப்பும். எழும்பும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் என்பதால் கழிப்பறைக்குக் கைபிடித்தே கூட்டிப்போக வேண்டும். கோப்பியும் மதுவும் வேண்டாம். மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது.

மிளகுக் கதையை உலகமெங்கும் பரப்பியவர் ரொறன்ரோவில் பிறந்த பாடகர் நீல் யங். 2014இல் ஒரு வானொலிப் பேட்டியில், கஞ்சா பயமுறுத்தினால் இரண்டு மூன்று மிளகைச் சப்பும்படி சொன்னார். மிளகிலுள்ள காரியோஃபிலீன், கஞ்சா வேலை செய்யும் இன்னொரு வகை ஏற்பியோடு ஒட்டும் என்பது உண்மை. ஆனால் சப்பிய மிளகு பயத்தை இறக்கும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று கிடையாது. எலுமிச்சைத் தோலில் மணக்கும் லிமொனீனுக்கு ஓரளவு சான்று இருக்கிறது. 2024இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், டி.எச்.சி.யோடு லிமொனீனை ஆவியாக இழுத்த 20 பேருக்குப் பதற்றமும் சந்தேகப் பயமும் குறைந்தன. சுத்தமாக்கிய லிமொனீன் அது, தேசிக்காய்த் தண்ணியில் அந்த அளவு வராது. அம்மாவுக்கு மிளகு பிடித்தால் ஒன்றிரண்டு கொடுக்கலாம். கீமோவால் வாய் புண்ணாகியிருந்தால் அதுவும் வேண்டாம்.

நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல், எழுப்பியும் எழும்பாமை, தனக்குத் தீங்கு செய்யும் பேச்சு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 911. அவ்வளவு இல்லை, ஆனால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியவில்லை என்றால் கனடாவின் நஞ்சுத் தகவல் நிலையத்தை 1-844-764-7669இல் கேட்கலாம். ஒன்ராறியோவில் 811ஐ அழைத்தால் எந்த நேரத்திலும் ஒரு தாதி பேசுவார். கம்மிப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு அழைக்க வேண்டும், முதலில் கேட்பதே மில்லிகிராம் கணக்குத்தான்.

அவசரப் பிரிவுக்குப் போய்வந்தவர்களை அத்துடன் விட்டுவிடக் கூடாது. கஞ்சாவால் ஒன்ராறியோவின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த 12,000க்கும் மேற்பட்டவர்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்து 2024இல் வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுக்குள் அவர்களில் 27.5 விழுக்காட்டினர் புதிதாகப் பதகளிப்பு நோய்க்குச் சிகிச்சை தேடினர். பொதுமக்களில் அது 5.6 விழுக்காடு. கஞ்சாதான் காரணம் என்று இந்த எண்கள் நிறுவவில்லை. ஆனால் அப்படி வந்தவரை மறுபடியும் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. இந்த அம்மாவின் புற்றுநோய் மருத்துவக் குழுவிடம், கம்மி இல்லாமல் வாந்தியை அடக்க வேறு வழி உண்டா என்று கேட்பதும் மகளின் உரிமை. வாந்திக்கான மருந்துகள் பல வகையில் உண்டு.

கேள்வி: வலிக்காக மூன்று வருசமாக ஒவ்வொரு நாளும் கஞ்சா எண்ணெய் எடுக்கிறேன். டிசம்பரில் யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் கலியாணங்களுக்குப் போகிறேன். டொக்டரின் கடிதத்தோடு கொண்டுபோகலாமா? ஒரு மாதம் எடுக்காமல் விட்டால் பதகளிப்பு வருமா?

பதில்: கொண்டுபோகவே கூடாது. மருந்தாக இருந்தாலும் கஞ்சாவை எல்லை கடத்துவது கனடாச் சட்டப்படி குற்றம், திரும்ப வரும்போதும் அப்படியே. கனடா மருத்துவரின் கடிதம் கொழும்பு விமான நிலையத்திலோ சென்னையிலோ செல்லாது. இரு நாடுகளிலும் தண்டனை கடுமையானது.

இரண்டாவது கேள்விக்கு, வரலாம் என்பதே பதில். நாள்தோறும் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, பதகளிப்பு என்று வரும் விலகல் நிலையை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தொடங்கி, முதல் கிழமையில் உச்சமடைந்து, இரண்டு மூன்று கிழமையில் அடங்கும். அதோடு பழைய வலியும் தலைதூக்கும் என்பதால் அக்டோபரிலேயே மருத்துவரைப் பார்த்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து, பயணத்தில் எடுக்கக்கூடிய வேறு வலி மருந்தை முடிவுசெய்து, அதை வீட்டிலேயே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். நவம்பர் நடுப்பகுதிக்குள் எண்ணெயை முழுதாக நிறுத்தினால், விமானம் ஏறுவதற்குள் அந்தச் சில கிழமைகள் கடந்திருக்கும். திரும்பி வந்து மறுபடி எடுப்பதென்றால் பழைய அளவுக்கு நேரே போகக் கூடாது. ஒரு மாதத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும், புதியவரைப் போல 2.5 மில்லிகிராமிலோ அதற்குக் கீழோதான் தொடங்க வேண்டும்.