தளம் போடும் முன் ஸ்லம்ப் பாருங்கள்: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கான்கிரீட்டின் பலம் 28 நாள் கழித்து கியூபை உடைக்கும்போதுதான் உறுதியாகத் தெரியும். அதற்குள் மேல்தளமே எழும்பிவிடும். கொட்டும் முன்பே கலவையைப் பிடித்துப் பார்க்க நம் கையில் இருப்பது ஸ்லம்ப் சோதனை. இது பலத்தை அளக்காது. கலவை எவ்வளவு இளக்கம், லாரிக்கு லாரி தண்ணீர் மாறுகிறதா என்பதைக் காட்டும்.

தேவையானவை

300 மி.மீ. உயரக் கூம்பு (அடி விட்டம் 200, வாய் 100), தண்ணீர் உறிஞ்சாத சமதளத் தட்டு, 16 மி.மீ. கனமும் 600 மி.மீ. நீளமும் உள்ள முனை உருண்ட கம்பி, அளவுகோல்.

படி 1: மாதிரி எடுத்தல்

ரெடிமிக்ஸ் லாரியில் முதலில் விழுவதையும் கடைசியில் வழிவதையும் எடுக்காதீர்கள். நடுவில் வருவதை எடுத்து, கரணையால் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

படி 2: நிரப்புதல்

கூம்பையும் தட்டையும் நனைத்துத் துடையுங்கள். கூம்பின் கால்தட்டுகளை மிதித்து அசையாமல் நில்லுங்கள். மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து. மேலடுக்கைக் குத்தும்போது கம்பி கீழடுக்கைச் சற்றே தொட வேண்டும். பலர் நடுவிலேயே குத்துவார்கள். ஓரத்திலும் பரவலாகக் குத்தினால்தான் அளவு சரியாக வரும். வாயை வழித்துச் சமப்படுத்தி, அடியில் சிந்தியதை அகற்றுங்கள்.

படி 3: தூக்குதல், அளத்தல்

கூம்பைச் சாய்க்காமல், திருகாமல், நேராக ஐந்து நொடிக்குள் தூக்குங்கள். பக்கத்தில் கவிழ்த்து வைத்து, மேலே கம்பியைக் குறுக்கே போட்டு, கம்பிக்கும் கலவையின் உச்சிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். அதுதான் ஸ்லம்ப். கலவை ஒரு பக்கமாகச் சரிந்தால் அந்த அளவு செல்லாது. வேறு மாதிரியில் மறுபடி செய்யுங்கள். இரண்டாவதும் சரிந்தால் கலவையில் பிடிப்பு இல்லை.

எவ்வளவு வேண்டும்?

இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 தரும் கணக்கில், கம்பி குறைவான இடத்துக்கு 25 முதல் 75 மி.மீ.; கம்பி நெருக்கமான தூண், பீமுக்கு 50 முதல் 100. பம்பில் ஏற்றினால் கூடுதலாகத் தேவைப்படும். அதை ஆர்டரிலேயே எழுதிக் கேளுங்கள்.

தண்ணீர் ஊற்றினால்?

ஸ்லம்ப் குறைந்தால் “ஒரு வாளி ஊத்திக்கலாம்” என்பார்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 0.50 தண்ணீர்-சிமெண்ட் விகிதத்தில் தண்ணீர் 25 லிட்டர். கூடவே 10 லிட்டர் வாளி ஒன்று போனால் விகிதம் 0.70. வேலை சுலபமாகும், பலம் போய்விடும். இளக்கம் வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர் சேர்ப்பதே முறை. அதுவும் பொறியாளர் சொன்ன அளவில்.

லாரி எண், நேரம், ஸ்லம்ப் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். கேட்ட அளவுக்குப் பொருந்தாத லாரியைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.