எண்ணும் எழுத்தும்

சேலம், நாமக்கல் நாட்டார்க்குக் கிறித்தவ மறை புதிதன்று. தத்துவபோதகர் எனப்பட்ட இராபர்ட் டி நொபிலி பாதிரியார் 1623இல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்து தம் சமயத்தைத் தமிழிற் போதித்தார். எனினும் அம்மறையிற் பயிலும் எண்களின் குறிப்பை நம்மவருள் ஆராய்ந்தார் மிகச் சிலரே. 'விலங்கின் எண் 666' என்னும் வாசகத்தைக் கேட்டவளவில் நகையாடி விடுவாரே பலர். சிவஞான சித்தியார் பரபக்கம், பிறர் மதத்தை முன்னர்க் கூறிப் பின்னரே மறுக்கின்றது. அந்நெறி கற்றார்க்கு இந்நகை தகாது.

ஏழும் நாற்பதும் எளியன. ஆறு நாளிற் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தமை கூறலின் ஏழு நிறைவைக் குறிக்கும். பெருவெள்ளத்து மழை 40 நாள், இசரவேலர் பாலையில் அலைந்தது 40 ஆண்டு, ஏசுநாதர் நோன்பு 40 நாள். ஆதலின் நாற்பது சோதனைக் காலமாம். யோவான் சுவிசேஷத்தில் வலையிற்பட்ட மீன் 153. ஒன்றுமுதற் பதினேழுவரை கூட்ட அத்தொகை வருமென்றும், பதினேழாவது கற்பனை பத்தும் ஆவியின் கொடை ஏழுமென்றும் அகஸ்டீன் உரைத்தார். இது வலிந்துகொண்ட பொருளென்றே யாம் கருதுகின்றோம். நம் உரையாளரிடத்தும் இத்தகையன இல்லாமலில்லை.

இனி 666. 'வெளிப்படுத்தின விசேஷம்' 13ஆம் அதிகாரத்தில் இது வருகின்றது. எபிரேயத்தில் எழுத்துக்களே எண்களுமாம். கிறித்தவரை வருத்திக் கொன்ற உரோமை வேந்தன் நீரோ (கி.பி. 54-68). 'நேரோன் கேசர்' என அவன் பெயரை எபிரேயத்தில் எழுதின், 50, 200, 6, 50, 100, 60, 200 ஆகக் கூடி 666 வரும். பழைய ஏடுகள் சிலவற்றில் 616 என்னும் பாடமும் உண்டு. 'நேரோ' என ஈற்றுமெய் கெட்டவழி ஐம்பது குறைதலின், பாடவேற்றுமைதானே இப்பொருட்குச் சான்றாதல் காண்க. அறிஞர் பலர் கருத்தும் இதுவே. வெளிப்படக் கூறின் உயிர்க்கு ஏதமாம் என்று பெயரை எண்ணுள் மறைத்தனர் போலும்.

நம் திருமந்திரத்தும் திருவாசகத்தும் வரும் எட்டும் இரண்டும் இவ்வகையினவே. தமிழெண்ணில் எட்டு அகர வடிவினது. இரண்டு உகர வடிவினது. அவை கூடிய பத்து யகர வடிவினது. அகரம் சிவனையும், உகரம் சத்தியையும், ஐந்தெழுத்துள் யகரம் உயிரையும் குறிக்குமென்பர். இஃதறியாதான், எட்டும் இரண்டும் அறியாமையாவது கூட்டற்கணக்கு அறியாமையே என்று மயங்குவன். ஆண்டுக் கொடுங்கோலன் பெயரை மறைத்த கருவியே, ஈண்டு இறைக்கும் உயிர்க்கும் உள்ள தொடர்பை உணர்த்த நின்றது.

இக்காலத்து மாணாக்கர் 8, 2 என்றே எழுதிப் பழகினமையின் அவ்வெழுத்து வடிவங்கள் அவர் கண்ணுக்குப் புலனாவதில்லை. பாடஞ்சொல்வார் ௮, ௨, ௰ என எழுதிக்காட்டிய பின்னரே பொருளுரைப்பாராக.