வீட்டு நாய்க்கு எடை கூடிவிட்டதா? நொறுக்கை இப்படித் தேர்ந்தெடுங்கள்

கொங்குப் பக்கத்து வீடுகளில் நாய்க்கு வேளைச் சோறு பெரும்பாலும் அளவாகத்தான் விழுகிறது. எடையை ஏற்றுவது இடையில் கிடைக்கிற துண்டு துணுக்குகள். காலையில் அப்புச்சி டீயில் தொட்ட ரஸ்க்கில் பாதி, பள்ளிக்கூடம் கிளம்பும் பேத்தியின் தோசை விளிம்பு, தேங்காய் துருவும்போது அமுச்சி போடும் சில்லு, சாயங்காலம் பேக்கரியிலிருந்து வந்த வர்க்கியில் ஓர் ஓரம். கேட்டால் ஒவ்வொருவரும் “ஒண்ணே ஒண்ணுதானுங்க குடுத்தேன்” என்பார்கள். பொய்யில்லை. ஆனால் நாலு பேர் கொடுத்ததும் போய்ச் சேர்ந்தது ஒரே வயிற்றுக்கு. பொமரேனியன் என்று நாம் அழைக்கிற ஸ்பிட்ஸ், பக், ஷிட்சூ, டாஷ்ஹண்ட் மாதிரியான குட்டி ரகங்களுக்கு ஒரு மாரி பிஸ்கட்கூடக் கணிசமான தீனி.

நொறுக்கை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் வீட்டில் யாராவது ஒளித்துக் கொடுப்பார்கள், கணக்கு இன்னும் கெடும். எதை, எவ்வளவு, யார் கையால் என்று முடிவு செய்துகொள்வதே நடக்கிற காரியம்.

முதலில் நாய் உண்மையிலேயே குண்டா என்று கையால் பாருங்கள். ஸ்பிட்ஸின் முடிக்குள் இரண்டு கிலோ ஒளிந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் இடது கையை விரித்து, உள்ளங்கை கீழே இருக்கும்படி வைத்து, புறங்கை எலும்புகளை மறு கை விரலால் தடவுங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் உடம்பு சரியாக இருக்கிறது. கையைத் திருப்பி உள்ளங்கைச் சதையைத் தடவுகிற மாதிரி இருந்தால் எடை கூடிவிட்டது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கவும், பக்கவாட்டில் வயிறு பின்னால் ஏறவும் வேண்டும். பிறகு எடை. நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறுங்கள், இறக்கிவிட்டு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தீனியில் கை வைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எடை ஏறும், அரிப்புக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையும் பசியைக் கிளப்பிவிடும், கருத்தடை செய்த பின் நாய்க்குத் தேவைப்படும் உணவே குறைந்துவிடும். ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்றும், முன்பு கணைய அழற்சி வந்திருக்கிறதா என்றும் அவர் பார்க்க வேண்டும். மினியேச்சர் ஷ்னாசர் போன்ற ரகங்களுக்கு அந்த ஆபத்து அதிகம். கறி விருந்துக்கு மறுநாள் நாய் விடாமல் வாந்தி எடுத்து, முதுகை வளைத்து நின்று, சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றால் அஜீரணம் என்று விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே கொண்டு போங்கள். கணைய அழற்சி வந்த நாய்க்குக் கீழே சொல்லும் பட்டியலைக்கூட மருத்துவரிடம் காட்டிவிட்டே கொடுக்க வேண்டும்.

இப்போது கணக்கு. இதற்கு செல்போன் கால்குலேட்டர் போதும். நாய் இன்றைக்கு எத்தனை கிலோ என்பதை விடுங்கள், எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்மி என்கிற 9 கிலோ ஸ்பிட்ஸ் 7 கிலோவுக்கு வர வேண்டும் என்று வைப்போம். 7ஐ மூன்று முறை பெருக்கினால் 343. வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் 4.3. அதை 70ஆல் பெருக்கினால் 301. இளைக்க வேண்டிய நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 300 கலோரி என்பது கால்நடை மருத்துவர்கள் தொடங்குகிற கணக்கு. நொறுக்கு அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆக, ஜிம்மியின் நொறுக்கு ஒதுக்கீடு ஒரு நாளைக்கு 30 கலோரி. ஒரு மாரி பிஸ்கட் ஏறத்தாழ 25. அப்புச்சி டீ குடித்து முடிக்கும்போதே அன்றைய கணக்கு தீர்ந்துவிடுகிறது.

கொழுப்பு ஏன் குறைவாக இருக்க வேண்டும் என்பதும் இதே கணக்குத்தான். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. நம் ஊரில் கை போகிற இடமெல்லாம் கொழுப்புதான். பொள்ளாச்சித் தேங்காயில் 10 கிராம் சில்லு ஒன்று 35 கலோரி. பத்துக் கடலைப்பருப்பு, அதாவது நிலக்கடலை, சுமார் 30. ஊத்துக்குளி நெய் சின்ன ஸ்பூன் ஒன்று 45. சீஸ் ஸ்லைஸ் ஒன்று 60 பக்கம். கோழித் தோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘டைஜெஸ்டிவ்’ என்று எழுதியிருக்கிற பிஸ்கட்டை நல்லது என்று நினைத்துக் கொடுப்பவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு, மாரியே தேவலை.

கொழுப்பு குறைவு என்றாலே கலோரி குறைவு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்கிற பழமொழியை நம்பி நாய்க்குக் கொள்ளு வேகவைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொள்ளில் கொழுப்பு ஒரு சதம்கூட இராது, ஆனால் காய்ந்த கொள்ளு 100 கிராமுக்கு 320 கலோரி. நாய்க்கு வாயுத்தொல்லை வேறு. ரஸ்க்கும் அதே கதைதான்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்கோ சிங்காநல்லூர் உழவர் சந்தைக்கோ போகிறவர்களுக்குத் தனியாகச் செலவே இல்லை. வெள்ளரிக்காய் 100 கிராமுக்கு 15 கலோரிதான். 30 கலோரிக்கு 200 கிராம் கொடுக்கலாம், ஜிம்மியால் அவ்வளவும் தின்ன முடியாது. மேட்டுப்பாளையம் வழியாக வருகிற ஊட்டி கேரட் 100 கிராமுக்கு 40 கலோரி. பீன்ஸ் 30. அரசாணிக்காய், சுரைக்காய், மேரக்காய் எல்லாம் அதற்கும் கீழே. கேரட்டும் பீன்ஸும் ஆவியில் வேகவைத்து, உப்பில்லாமல், தாளிக்காமல். பச்சைக் கேரட்டை வட்ட வட்டமாக வெட்டிப் போட்டால் சின்ன நாய் மென்று தின்னாமல் விழுங்கிவிடும், தொண்டையில் சிக்கும். நீளவாக்கில் தீக்குச்சி கனத்துக்குச் சீவுங்கள். பழத்தில் விதை நீக்கிய தர்பூசணி, பப்பாளி, ஆப்பிள் நல்லது. வாழைப்பழமும் சப்போட்டாவும் கொழுப்பில்லாதவை என்றாலும் சர்க்கரை அதிகம். வாழைப்பழத்தில் விரல்நுனி அளவு போதும்.

காய்கறியைத் திரும்பிக்கூடப் பார்க்காத நாய்களும் உண்டு. அவற்றுக்குத் தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி. ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையம் சிக்கனுக்கு வாங்கும்போது மசாலா படும் முன்பே 100 கிராம் எடுத்து வைத்துவிடுங்கள். வெறும் தண்ணீரில் வேகவைத்து, ஆறியதும் நார் நாராகப் பிய்த்து, துவரம்பருப்பு அளவுக்கு நறுக்கி, ஐஸ் தட்டின் குழிகளில் பத்துப் பத்துக் கிராமாகப் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு குழி 16 கலோரி. அதிலேயே ஏகப்பட்ட துணுக்குகள் கிடைக்கும். ‘உட்காரு’, ‘கை கொடு’ பழக்க இதைவிட நல்ல கூலி இல்லை, ஏனென்றால் துண்டு சின்னதாக இருக்கிறதே என்று நாய் கோபித்துக்கொள்வதில்லை. வேகவைத்த தண்ணீரையும் கொட்ட வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே கொழுப்பு ஆடையாக உறையும், அதை வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தை ஒரு ஸ்பூன் சோற்றில் விடலாம். நாமக்கல் முட்டையில் வெள்ளைக்கரு 17 கலோரி, கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. மஞ்சள் கரு 55, அது உங்களுக்கு. சித்திரை வெயிலுக்கு வெண்ணெய் எடுத்த நீர்மோரை, உப்பும் பெருங்காயமும் சேர்க்கும் முன், ஐஸ் கட்டியாக்கிக் கொடுத்துப் பாருங்கள். பால் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு மட்டும் வேண்டாம்.

கொழுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாசற்படி ஏற்றக் கூடாதவை சில. தொண்டாமுத்தூர்ப் பக்கம் விளைகிற திராட்சை, காய்ந்த திராட்சை, இரண்டும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் சொல்கிறார்கள். அதே அமிலம் புளியிலும் நிறைய. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானதையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே சாம்பாரில் வெந்த கேரட் காய்கறிக் கணக்கில் சேராது. அரிசிம்பருப்புச் சாதத்தில் சின்ன வெங்காயமும் பூண்டும் உண்டு, அவை ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். சாக்லேட், வேகவைத்த எலும்பு, சர்க்கரையில்லாத சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால் ஆகியவையும் இந்தப் பட்டியலில்.

கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பாக்கெட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் படியுங்கள். கொழுப்புச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பக்கத்தில் ஈரப்பதம் எவ்வளவு என்றும் பாருங்கள். ஈர டப்பா ஒன்றில் கொழுப்பு 3, ஈரம் 75 என்று இருக்கிறது. உலர்ந்த பிஸ்கட்டில் கொழுப்பு 9, ஈரம் 10. தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் முதலாவதில் 25க்கு 3, அதாவது 12 சதம். இரண்டாவதில் 90க்கு 9, அதாவது 10 சதம். ‘லோ ஃபேட்’ என்று நாய் உணவில் எழுத அமெரிக்காவில் பின்பற்றும் உச்சவரம்பு உலர்ந்ததற்கு 9 சதம், ஈரமானதற்கு 4 சதம். நம் கடைகளிலும் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒரு துண்டுக்கு எத்தனை கலோரி என்று போடாத பாக்கெட்டை நான் வாங்க மாட்டேன். பல் சுத்தம் செய்யும் குச்சிகளும் மெல்லுகிற எலும்புகளும் தீனிதான். அவற்றையும் 30க்குள் அடக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட உபயோகமான பொருள் ஒரு சின்ன எவர்சில்வர் சம்படம். காலையில் ஒருவர், ஒரே ஒருவர், அன்றைய நொறுக்கை அதில் போட்டு மேடையில் வைக்க வேண்டும். யார் கொடுப்பதானாலும் அதிலிருந்துதான். காலியானால் அன்றைக்குக் கடை சாத்தியாகிவிட்டது. கிப்புள் என்கிற உலர் தீனி தின்கிற நாயானால் வேளைத் தீனியிலிருந்தே ஒரு கைப்பிடியை எடுத்துச் சம்படத்தில் போடுங்கள், கூடுதல் கலோரியே இல்லை. “பாவமுங்க, எப்படிப் பாக்குது பாருங்க” என்று அமுச்சி உருகும்போது அவர் கையிலேயே சம்படத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. நிறுத்தச் சொன்னால் கேட்காதவர், சம்படத்திலிருந்து வெள்ளரித் துண்டு போடுவதற்குச் சம்மதிப்பார். மாத்திரையைப் பன்னிலோ வெண்ணெயிலோ பொதிவதற்குப் பதில் மசித்த அரசாணிக்காயில் பொதியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே மெஷினில், சோற்றுக்கு முன்னால் எடை பாருங்கள். வாரத்துக்கு ஒன்று முதல் இரண்டு சதம் குறைவது சரியான வேகம். 9 கிலோ நாய்க்கு 90 முதல் 180 கிராம். ஒரு மாதமாக முள் நகரவில்லை என்றால் யாரோ சம்படத்துக்கு வெளியே கொடுக்கிறார்கள், அல்லது சோற்றளவையே மருத்துவர் மாற்ற வேண்டும். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், 48 லாப்ரடார்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போகும்போது சம்படமும் கூட வரட்டும். பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருக்கும். அதில் பாதிக்கு மேல் கொழுப்பு. ஜிம்மிக்கு ஐந்து கிராமே ஒரு நாள் நொறுக்கு. மாட்டுக்கு ஊறவைத்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தால் அதன் நச்சு ஈரலையே தாக்கும். களத்துப் பக்கமும் கட்டுத்தறிப் பக்கமும் போகாமல் நாயைச் சங்கிலியில் வைத்துக்கொள்ளுங்கள். சம்படத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்று தோட்டத்து ஆட்களிடமும் போனவுடனே, பந்தி போடுவதற்கு முன்பே, சொல்லிவிடுங்கள்.