தளர்ந்த தோலும் மீள்நார்களும்

தோலைக் கிள்ளி விட்டால் அது உடனே பழைய நிலைக்குத் திரும்புகிறது. தோலின் உள்ளடுக்கில் பின்னிக் கிடக்கும் மீள்நார்களே இதற்குக் காரணம். குழந்தையின் கால்சட்டை இடுப்பிலுள்ள எலாஸ்டிக் நைந்தால் துணி கிழியாமலே தொங்கிவிடுகிறதல்லவா? ‘கியூட்டிஸ் லாக்ஸா’ எனும் அரிய தோல் தளர்வு நோயிலும் அதுவே நிகழ்கிறது. பச்சிளங்குழந்தைக்கும் முதியவரின் முகம் அமைந்துவிடுகிறது.

எலாஸ்டின் புரதம் நுண்ணிழைகளின் மீது படிந்தே மீள்நார் உருவாகிறது. ஃபிபுலின் எனும் புரதங்கள் அதற்குத் துணை நிற்கின்றன. செம்பின் உதவியால் இயங்கும் ஒரு நொதி இழைகளைப் பிணைக்கிறது. இவற்றுள் ஒன்று பழுதானாலும் நார்கள் குறைந்தும் துண்டுபட்டும் போகின்றன. மீள்நார்களின் பெரும்பகுதி கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே உருவாவதால், எந்தத் தைலமும் களிம்பும் அவற்றை மீட்டுத் தரா. விளம்பரங்களை நம்பிப் பொருளை இழக்க வேண்டாம்.

தோல் துணுக்குப் பரிசோதனை என்றதும் பெற்றோர் அஞ்சுவது இயல்பு. மரத்துப்போகச் செய்து, மிகச் சிறு துணுக்கே எடுக்கப்படும்; இந்நோயில் காயம் பொதுவாக இயல்பாகவே ஆறும். வழக்கமான சாயத்தில் மீள்நார்கள் தெளிவாகத் தெரியா. வெர்ஹோஃப் சாயமிட்டால் கருநிறத்தில் தெரியும்.

ஆயினும் தோல் வெளி அடையாளமே. நுரையீரலிலும் பெருந்தமனியிலும் மீள்நார்கள் உண்டு. கேரளத்தில் கொச்சி அம்ரிதா மருத்துவமனை மருத்துவர்கள், பெருந்தமனிகள் விரிந்து முறுக்கிய 22 கைக்குழந்தைகளைப் பற்றி 2012இல் எழுதினர்; ஃபிபுலின்-4 மரபணுவின் ஒரே மாற்றத்தை அதனோடு தொடர்புபடுத்தினர். எனவே தோல் தளர்ந்த குழந்தைக்கு இதய எக்கோ பரிசோதனை அவசியம். மூச்சுத் திணறலையும் குடலிறக்கத்தையும் கவனிக்க வேண்டும். வீட்டினுள் புகைபிடித்தல் அறவே கூடாது. நுரையீரலை அது மேலும் நலிவிக்கும்.

சிலருக்குக் கடும் தோல் அழற்சிக்குப் பின் பெரிய வயதிலும் இந்நோய் வருவதுண்டு. பிறவி வகையில், பெற்றோர் இருவரும் நோயின்றியே பழுதான மரபணுவைத் தாங்கியிருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்புண்டு. தாய்மாமன், அத்தை மகன் என உறவுக்குள் மணம் முடிக்கும் நம் கடலூர், சிதம்பரம் பகுதிக் குடும்பங்கள் இதை அறிந்திருத்தல் நன்று. தாய் உண்டதாலோ கிரகணம் பார்த்ததாலோ வந்ததன்று. மருமகளைக் குறைகூறுதல் அறியாமை.

அறுவைச் சிகிச்சையால் முகத் தொய்வைக் குறைக்கலாம். காலப்போக்கில் மீண்டும் தளரலாம். அடுத்த கருவுக்கு முன்பே மரபணு ஆலோசனை பெறுக. முதல் வருகையின்போது குழந்தையின் பிறப்புக்காலப் புகைப்படங்களையும் பழைய மருத்துவச் சீட்டுகளையும் தவறாது கொண்டுவருக.